மாஃபி ஏற வேண்டிய படகு

நாயை எந்தப் படகில் ஏற்றுவது என்பதற்காக ஒரு வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பார்களா? ஷார்ஜாவில் முத்துராமன் வீட்டில் இருந்தார்கள்.

அவர்கள் ஓமன் எல்லையைத் தாண்டியதையும், மஹூத்தில் ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கேரவனை நிறுத்தி மூன்று பேரும் தூங்குவதுபோல் படுத்துக் கிடந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். இன்று ஷன்னா துறை. எதிரே கடல். கடலுக்கு அப்பால், கண்ணுக்கு எட்டாத இடத்தில், மசீரா தீவு.

கேரவன் என்றால் ஊரில் சினிமாக்காரர்கள் ஏறி ஒப்பனை போடுகிற வண்டி. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களுக்கோ சைட்டில் நிற்கும் தகர அறை. இது இரண்டும் இல்லை. கழித்துப் போட்ட ஒரு பள்ளிக்கூட மினி பஸ்ஸை, தொழிற்பேட்டை கேரேஜ் ஒன்றில் லீவு நாளெல்லாம் கிடந்து, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து மகன் அர்ஜுன் கேரவனாக்கினான். மேலே வெள்ளை அடித்தும் பழைய மஞ்சள் அங்கங்கே எட்டிப் பார்த்தது. "ஸ்கூலுக்கு நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்க" என்று அம்மாவைக் கையைப் பிடித்து ஏற்றுவான்.

அந்த அர்ஜுன் இப்போது இல்லை. சென்ற கோடையில் கோர்ஃபக்கான் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் எல்லாம் முடிந்துபோனது. அன்றைக்கு அவன் ஓட்டியது நண்பனின் கார். கேரவன் ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டு வாசலில் நின்றது. அவன் அம்மா ஜலஜா அதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் மீது கோபப்பட்டாள்.

நாளை அவனுக்குப் பிறந்தநாள். இருபது. "இருபதாவது பர்த்டேயை மசீராவில் வைக்கிறோம். நான், நீங்க மூணு பேரு, மாஃபி" என்று அவன் எப்போதோ சொல்லிவிட்டான். தல்மா தீவு வேண்டாமா என்று முத்துராமன் கேட்டதற்கு, "ரொம்பப் பக்கம்ப்பா" என்றான். ஓமனிலேயே இன்னொரு ஊர், கசப்? "ரோட்டுலயே போற ஊருக்கு எதுக்குப் படகு?" என்றான். படகு இல்லாமல் போக முடியாத இடம்தான் அவனுக்குத் தீவு. படகில் மாஃபி அவன் பக்கத்தில் நின்று காற்று வாங்க வேண்டும். அதுதான் விடுமுறை.

மாஃபி, நாய்.

கேரேஜில் அந்த பஸ்ஸுக்கு அடியில் கிடந்த பாலைவனக் குட்டி அது. யாருடைய நாய் என்று காவல்காரரிடம் கேட்டான். "மாஃபி" என்றார் அவர். தாய்? "மாஃபி." பேரு ஏதாவது? "மாஃபி, மாஃபி." இல்லை, இல்லை என்று எல்லாவற்றுக்கும் கையை விரித்தார். "பேரு மாஃபியாம்மா" என்று அர்ஜுன் குட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தான்.

"இல்லைன்னு ஒரு பேராடா?" என்று ஜலஜா அன்றே சண்டை போட்டாள். அரிசி தீர்ந்தால்கூட 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லும் வீட்டிலிருந்து வந்தவள். "காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் வீட்டுக்குள்ள நின்னுகிட்டு இல்லை, இல்லைன்னு கத்தணுமா? ஆகாதுடா."

"அதெல்லாம் அரபிக்காரங்களுக்கும்மா. நமக்கு அது நாய்."

உண்மைதான். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் அது வெறும் நாயாகிவிட்டது. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பதே மறந்துபோயிற்று. எவ்வளவு மறந்தார்கள் என்றால், ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் முத்துராமனைப் பார்த்துத் தலையை ஆட்டி, "அர்ஜுன் மாஃபி" என்றபோது, அவர், "மாஃபி வீட்டுல இருக்கு. அர்ஜுன் எங்கே?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெயரை வீட்டில் யாரும் சொல்லவில்லை. "வாடா", "சாப்பிடுடா", "டேய்." அவ்வளவுதான். நாயும் யார் கூப்பிட்டும் எழுந்து வருவதை நிறுத்திவிட்டது. கேரவனின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். சோறு வைத்தால் மோந்து பார்க்கும். இதயம் வீங்கியிருக்கிறது, சூடு ஆகவே ஆகாது, நாள் அதிகம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு ஜலஜாவுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாளைக்குள் அந்த நாயை உயிரோடு தீவில் இறக்க வேண்டும். அவன் சொன்ன கரையில் அது ஒரு தடவை ஓட வேண்டும். பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

ஆனால் எந்தப் படகில்?

துறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று பெரியது, வெள்ளையாக, நேரத்துக்குக் கிளம்புவது. ஆட்கள் மேலே ஏசியில் உட்காருவார்கள். வண்டிகள் கீழே அடைத்த தளத்தில் நிற்கும். நாய் வண்டிக்குள்தான் இருக்க வேண்டும். இன்னொன்று திறந்த இரும்புத் தட்டு மாதிரி ஒரு படகு. ஆட்களும் வண்டிகளும் ஒன்றாக வெயிலில் நிற்பார்கள். தண்ணீர் ஏறினால்தான் கிளம்பும். எப்போது ஏறும் என்பது கடலுக்குத்தான் தெரியும்.

அர்ஜுன் திறந்த படகைத்தான் சொல்லியிருந்தான். முத்துராமன் பெரிய படகைப் பதிவு செய்தார்.

"ஜூன் மாச வெயில்ல, தண்ணி எப்ப ஏறும்னு துறையில காத்துக் கிடந்தா அது செத்துடும். பெரிய படகுல, நாய் இருக்குன்னு முன்னாடியே சொன்னா, வண்டியைக் காத்து வர்ற பின்பக்கத்துல விடுவாங்களாம்" என்றார்.

"அவன் வேண்டாம்னு சொன்ன படகு" என்றாள் ஜலஜா. அதோடு பேச்சு நின்றது.

அவர் போனில் பதிவு செய்தபோது அவள் சமையலறையில் இருந்தாள். எதிர்முனையில் ஒரு பெண் ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் சொல்லிக்கொண்டே வந்தார். மனைவி? "ஜலஜா." மகள்? "ரக்ஷிதா." நாய்?

முத்துராமன் தயங்கினார். பிறகு, "மாஃபி" என்றார்.

இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டதும் ஜலஜாவின் கையில் இருந்த கரண்டி நழுவிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு எதையும் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

அன்று அவள் யோசிக்காமல் விட்டதைத்தான் இன்று காலை, துறையின் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னாலிருந்த இளைஞன் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னான்.

"ஸார், உங்க புக்கிங்கில் நாய் இல்லை."

"இருக்கு. நான் சொன்னேனே."

"நாய் இருக்கான்னு கேட்டிருக்காங்க. மாஃபின்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமாம், மாஃபி!" என்றார் முத்துராமன்.

"அதான் ஸார். மாஃபி."

"மாஃபிதான்யா!"

ரக்ஷிதாவுக்குத்தான் முதலில் புரிந்தது. பதினேழு வயது. ஷார்ஜாவிலேயே பிறந்து வளர்ந்தவள். "ஓ மை காட், ப்பா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று ஜலஜாவுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

காற்று வரும் பின்பக்கம் முழுவதும் வேறு வண்டிகளுக்குப் போய்விட்டது. பெருநாள் கூட்டம். அந்த இளைஞன் மரியாதையாகத்தான் சொன்னான்: நாயோடு என்றால் இந்தப் பயணம் முடியாது. பெருநாள் முடிந்து வாருங்கள்.

"பெருநாள் முடிஞ்சா பிறந்தநாளும் முடிஞ்சிடும்" என்று ஜலஜா தமிழிலேயே அவனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டிக்குத் திரும்பினார்கள். என்ஜின் ஓடினால்தான் உள்ளே ஏசி. நாய் கட்டிலுக்கு அடியில் நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. அதன் விலா ஏறி ஏறி இறங்கியது.

முத்துராமன் திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"புக்கிங்ல நாய் இல்லை. வண்டியிலயும் இல்லை. ஏறிடுவோம்."

"கீழ என்ஜினை நிறுத்தச் சொல்வாங்க. மூடின வண்டிக்குள்ள இது..."

"ஐஸ் வெச்சிருக்கேன். ஈரத்துணி போடறேன். வேற என்ன செய்யச் சொல்ற, ஜலஜா? சொல்லு. நீயே சொல்லு."

"ஆர் யூ சீரியஸ், ப்பா? அவனை உள்ளே வெச்சு வேக வெக்கப் போறீங்களா?" ரக்ஷிதா கத்தினாள். "அண்ணா எதுக்கு இந்தப் படகு வேண்டாம்னான்? இதுக்குத்தானே?"

"அவன் எல்லாம் சரியாத்தான் சொன்னான். அன்னைக்கு அந்தக் காரை எடுக்காதேன்னு அவனுக்குச் சொல்லத்தான் யாரும் இல்லாம போயிட்டாங்க" என்றார் அவர்.

முத்துராமன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். வண்டி வரிசையில் ஊர்ந்தது.

படகின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு அதிகாரி நின்றார். நடுவயது, வெள்ளை உடுப்பு, வியர்வை. திரை போட்ட சன்னல்களைப் பார்த்தார். முத்துராமனைப் பார்த்தார். சன்னலைத் தட்டி இறக்கச் சொன்னார்.

"கல்ப்?" என்றார். நாயா?

ஜலஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாஃபி" என்றார் முத்துராமன்.

கட்டிலுக்கு அடியிலிருந்து குரைப்பு வந்தது.

ஒரே ஒரு குரைப்பு. தெளிவாக, பணிவாக, வருகைப்பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வதுபோல. அதிகாரி தலையைச் சாய்த்தார்.

"கல்ப் மாஃபி?" என்று மறுபடி கேட்டார்.

மறுபடியும் குரைத்தது. இத்தனை மாதம் யார் கூப்பிட்டும் அசையாத நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, திரைக்கு இடையில் மூக்கை நீட்டி, வாலை ஆட்டியது.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததை அடக்கிக்கொண்டு வரிசைக்கு வெளியே கையைக் காட்டினார். "யல்லா, யல்லா. கலாஸ்." கிளம்புங்கள், முடிந்தது.

பெரிய படகு அவர்களை விட்டுவிட்டு நேரம் தவறாமல் கிளம்பியது. முத்துராமன் இறங்கிப் போய் கேரவனுக்கு மறுபக்கம், யாரும் பார்க்காத பக்கம் நின்றார். ஜலஜா போனாள். அவர் பஸ்ஸின் தகரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் தெரிகிற இடத்தில்.

"நான் கூப்பிட்டேன், வந்துடுச்சு" என்றார். "பார்த்தியா? நான் இல்லைன்னு சொல்றேன், அது வந்து நிக்குது."

அவள் அவர் முதுகில் கையை வைத்தாள். சட்டை நனைந்து சுட்டது. தள்ளிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். தள்ளவில்லை.

"என்னங்க, அந்த இரும்புப் படகைக் கேட்போம்" என்றாள்.

திறந்த படகுத் துறையில் தேநீர்க்கடை வைத்திருந்தவர் முகம்மது ரிபாய், கீழக்கரைக்காரர். தமிழ்க் குரல் கேட்டதும் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

"யாரு ஸார் நடிகர்? கேரவனெல்லாம் வந்திருக்கு?"

"நாய்தான் நடிகர்" என்றாள் ரக்ஷிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அப்ப ஹீரோவுக்கு முதல்ல தண்ணி குடுங்க. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு, இன்னைக்கு இதுதான் கடைசிப் படகு. இடம் இருக்கும். ஆனா ஒண்ணு, ரிவர்ஸ்ல ஏத்தணும். இறங்கும்போது முகம் கரையைப் பார்த்து இருக்கணும், அதான் இங்க வழக்கம்."

முத்துராமன் கேரவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த பஸ்ஸை அவர் பின்னால் எடுத்ததே இல்லை. அர்ஜுன்தான் எடுப்பான். அவர் பின்னால் நின்று, "வா, வா, வா, ஒடி, இன்னும் ஒடி" என்று கை காட்டுவார்.

"நான் நிக்கறேன்ப்பா" என்றாள் ரக்ஷிதா. "கம் ஆன். நீங்க ஓட்டுங்க."

ஆட்கள் நடந்துதான் ஏற வேண்டும் என்றார்கள். ஜலஜா நாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு சரிவுக்குப் பக்கத்தில் நின்றாள். ரக்ஷிதா படகுக்குள் நின்று கையை ஆட்டினாள். "வாங்கப்பா, வாங்க, வாங்க! ஒடிங்க! ப்பா, லெஃப்ட்டு! உங்க லெஃப்ட்டு இல்லை, என் லெஃப்ட்டு!"

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். பஸ் கோணலாகப் போய், நின்று, முன்னால் வந்து, மறுபடி போனது. கடைசியில் இரும்புத் தளத்தில் ஏறி நின்றபோது முத்துராமன் கண்ணாடி வழியே ஜலஜாவைப் பார்த்தார். சிறுபிள்ளைபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அவள் நடக்கக் காலை எடுத்து வைத்தாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு லாரி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கப் பார்த்தது. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஓர் உள்ளூர்ப் பையன், இருபது வயது இருக்கும், இரண்டு கையையும் தூக்கி அந்த லாரியை மறித்து ஓடினான். இடம் இல்லை, இடம் இல்லை என்று கத்தினான்.

"மாஃபீ! மக்கான் மாஃபீ! மாஃபீ!"

இளங்குரல். கடைசி எழுத்தை இழுத்து, மேலே தூக்கி விட்ட குரல்.

கயிறு ஜலஜாவின் கையைக் கிழித்துக்கொண்டு போனது.

நாய் அந்தப் பையனை நோக்கி ஓடியது. அவன் மீது தாவி, முகர்ந்து, அவன் பயந்து அலறிக் கையை ஓங்கியதும் திகைத்து நின்றது. அவன் அது தேடியவன் இல்லை. ஒரு நொடி அவனையே பார்த்தது. பிறகு லாரிகளுக்கு இடையில் புகுந்து, ரோட்டைத் தாண்டி, உப்புத் தரையை நோக்கி ஓட ஆரம்பித்தது.

ஜலஜா பின்னால் ஓடினாள்.

"அம்மா! அம்மா, படகு!" ரக்ஷிதாவின் குரல். சங்கிலிகள் இழுபடும் ஓசை. திரும்பிப் பார்த்தபோது படகின் பாலம் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. முத்துராமன் வண்டியிலிருந்து இறங்கித் தளத்தின் ஓரத்துக்கு ஓடி வந்தார். யாரோ அவரைப் பிடித்து இழுத்தார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றது.

நிற்கவா, ஓடவா? படகில் இருக்கிறவர்கள் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள். அவள் ஓடினாள்.

துறைக்கு அந்தப் பக்கம் சேற்றுப் பரப்பு. தண்ணீர் இறங்கியிருக்கும்போது தரைபோலக் கிடக்கும். ஏறும்போது வாய்க்கால் வாய்க்காலாகப் பின்னாலிருந்து வந்து சூழ்ந்துகொள்ளும். எந்தத் தண்ணீருக்காகப் படகு காத்திருந்ததோ அதே தண்ணீர்தான். நாய் அதற்கு நடுவில் ஒரு மேட்டில், மிகத் தூரத்தில், நின்றது. இங்கிருந்து பார்க்கும்போதே அதன் உடம்பு ஆடுவது தெரிந்தது.

"மாஃபி!" என்று ஜலஜா கூப்பிட்டாள். இந்த வருஷத்தில் முதல் தடவை. "மாஃபி! மாஃபி!"

காற்று அவள் குரலைப் பின்னால் தள்ளியது. நாய் திரும்பவில்லை. துறையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்கள் காதில், ஒரு பெண் கடலைப் பார்த்து இல்லை, இல்லை என்று கத்துகிறாள்.

ரிபாய் கைத்துண்டோடு ஓடி வந்தார். "என்னக்கா? என்ன இல்லை? பையா, போனா? எதைக் காணோம்?"

அவள் வாயைத் திறந்தாள். நாய் என்று சொல்லத்தான் திறந்தாள்.

"என் பையன்" என்றாள். "என் பையன் இல்லை."

பத்து மாதமாக அந்த வாக்கியத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, "வெளியே போயிருக்கான்" என்பதுபோல் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். இப்போது அது வந்துவிட்டது. வந்ததும் அந்த உப்பு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரிபாய் அவளைப் பார்த்தார். அவள் கை நீண்டிருந்த திசையைப் பார்த்தார். ஏறும் தண்ணீரைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த விளையாட்டெல்லாம் போயிற்று.

"யா அல்லாஹ்! பையன் தண்ணிக்குள்ள போயிட்டானா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் துறையை நோக்கித் திரும்பி, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி, அடிவயிற்றிலிருந்து கத்தினார். "வலத் மாஃபி! வலத் மாஃபி!" பையனைக் காணோம், பையனைக் காணோம்.

லாரிக் கதவுகள் திறந்தன. பட்டாணியர், மலையாளி, வெள்ளை உடுப்பில் உள்ளூர்க்காரர்கள், சற்றுமுன் நாயைக் கண்டு அலறிய அந்தப் பையன், எல்லோரும் செருப்பை உதறிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினார்கள். ஒருவரையொருவர் கூவிக்கொண்டு, பரந்து, வரிசையாக. "வலத் மாஃபி! மாஃபி!"

இல்லை, அவன் இல்லை, நாய்தான் என்று சொல்ல வேண்டும். ஜலஜா எழுந்தாள். சொல்ல வேண்டும். இத்தனை பேர் இல்லாத ஒரு பிள்ளையைத் தேடி ஏறும் தண்ணீருக்குள் போகிறார்கள். ஆனால் சொன்னால் நின்றுவிடுவார்கள்.

தூரத்து மேட்டில் நாயின் காதுகள் உயர்ந்தன. இத்தனை குரல்கள் தன்னைக் கூப்பிடுவதை அது கேட்டுவிட்டது. ஒவ்வொரு பக்கமாகத் தலையைத் திருப்பியது. எந்தக் குரலுக்குப் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. அதன் காலடியில் தண்ணீர் மினுங்கியது.

ஜலஜா செருப்பைக் கழற்றினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் கால் வைத்தாள். உண்மையைச் சொல்லவில்லை. மூச்சை இழுத்து, கடைசி எழுத்தை மேலே தூக்கி, மகன் கூப்பிடுகிற மாதிரியே, அந்த ஆண்களோடு சேர்ந்து அவளும் கத்தினாள்.

"மாஃபீ!"